தொட்டிலுக்கு விசா வேண்டாம்

வாரன்பாயிண்ட் கடற்கரை நடைபாதையில் நின்று எதிரே பார்த்தால், கார்லிங்ஃபோர்டு கடற்கழியின் குறுகலான நீர்ப்பரப்புக்கு அப்பால் ஓமீத் என்ற சிற்றூரின் வெள்ளை வீடுகளும், அவற்றின் பின்னால் எழும் மலைச்சரிவில் மேயும் ஆடுகளும் தெரியும். இக்கரை வட அயர்லாந்து, அதாவது ஐக்கிய இராச்சியம். அக்கரை அயர்லாந்துக் குடியரசு, அதாவது ஐரோப்பிய ஒன்றியம். எங்கள் வாடகை வீட்டின் அடுக்களை ஜன்னலோரம் கைப்பேசியை வைத்தால், அது உள்ளூர்க் கோபுரத்தை விட்டுவிட்டு அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே ‘அயர்லாந்துக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி வந்து விழும். 2021 செப்டம்பர் முதல் 2024 ஜூன் வரை, இரண்டே முக்கால் ஆண்டுகள், வாரத்துக்கு இரண்டு முறையாவது இப்படி வரவேற்ற அந்த நாட்டுக்குள் நாங்கள் ஒருநாள்கூடக் காலெடுத்து வைத்ததில்லை. முதன்முதலாக எல்லையைக் கடந்த அன்று எங்களோடு ஏழு மாதக் கைக்குழந்தையும் இருந்தாள்.

ஏன் போகவில்லை என்று பாளையங்கோட்டையிலிருந்து தொலைபேசியில் கேட்பவர்களுக்கு விளங்கவைப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அயர்லாந்துத் தீவை 1921இல் இரண்டாகப் பிரித்த அந்த எல்லை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுடையது; இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடந்து போகின்றன. அவற்றில் ஒன்றில்கூடத் தடுப்புக் கம்பமோ சோதனைச் சாவடியோ கிடையாது. பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு நாட்டுக் குடிமக்களும் பொதுப் பயண மண்டலம் என்ற ஏற்பாட்டின்படி விசா இல்லாமல் அங்குமிங்கும் போய்வரலாம், வேலை பார்க்கலாம், குடியேறலாம். ஆனால் அந்த உரிமை அவர்களுக்குத்தான். பிரிட்டனின் வேலை விசாவில் வாழும் இந்தியருக்கு இல்லை. நியூரியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்த நானும் என் கணவரும் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காரை எடுத்திருந்தால், அரைமணி நேரத்தில் ஓமீத் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். யாரும் தடுத்திருக்கப் போவதில்லை. ஆயினும் எல்லை தாண்டும் பேருந்துகளிலும் ரயில்களிலும் கார்டா எனப்படும் அயர்லாந்துக் காவல்துறையினர் அவ்வப்போது ஏறி ஆவணம் கேட்பதுண்டு. ஒருமுறை மாட்டிக்கொண்டால், அதன்பின் வாழ்நாளில் நிரப்பும் ஒவ்வொரு விசா படிவத்திலும் அதைச் சொல்லியாக வேண்டும். ஐஸ்கிரீமுக்காக அவ்வளவு பெரிய விலை கொடுக்க எங்களுக்குத் துணிவில்லை, கரையிலேயே நின்றுகொண்டோம்.

அந்த எல்லை எப்போதும் இப்படித் திறந்து கிடக்கவில்லை. 1923 முதல் 1992 முடியும் வரை சுங்கச் சாவடிகள் இருந்தன. வட அயர்லாந்து யாரோடு இருப்பது என்ற ஆயுத மோதல் நடந்த கலவரக் காலத்தில் இராணுவச் சோதனைச் சாவடிகளும் கண்காணிப்புக் கோபுரங்களும் வந்தன. எங்கள் ஊரிலிருந்து நியூரிக்குப் போகும் வழியில், நேரோ வாட்டர் கோட்டையருகே, 1979 ஆகஸ்ட் 27 அன்று வெடித்த குண்டுகளில் பிரிட்டிஷ் வீரர்கள் 18 பேர் மாண்டனர். நான் வேலைக்குப் போன நாளெல்லாம் பேருந்து அந்த இடத்தைக் கடந்துதான் போனது. 1998 அமைதி உடன்படிக்கைக்குப் பின்னரே கோபுரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எதிர்வீட்டுப் பாட்டிக்கு நாங்கள் அங்கிருந்தபோதே எண்பது வயது. அவர் அந்த எல்லையைப் பற்றிச் சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வெண்ணெய்க் கதைதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வடக்கே வெண்ணெய்க்கு ரேஷன் இருந்தபோது, அவருடைய தாயார் கைக்குழந்தையான அவரைத் தள்ளுவண்டியில் வைத்துப் படகில் ஓமீத்துக்கு அழைத்துப் போவாராம்; திரும்பும்போது குழந்தையின் மெத்தைக்கடியில் வெண்ணெய்க் கட்டிகள் இருக்குமாம். குழந்தை அழுதால் சுங்க அதிகாரி கிட்டவே வரமாட்டார் என்பதால், படகு கரையை நெருங்கும் நேரம் பார்த்துத் தாயார் குழந்தையின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவாராம். “என் முதல் சம்பளம் அந்தக் கிள்ளுதான்” என்று பாட்டி சிரிப்பார். குழந்தைவண்டியில் வெண்ணெய் கடத்துவது அந்த எல்லையோரம் நெடுகிலும் வழக்கமாக இருந்த ஒன்றுதான் என்று பிற்பாடு வேறு பலரும் சொல்லக் கேட்டேன்.

எங்கள் மகள் 2023 நவம்பரில் நியூரியில் பிறந்தாள். பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு. நாங்கள் இரண்டாவது வாரத்திலேயே போய்ச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். பிறந்த மண் எதுவாயினும் அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். உண்மையில், பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் அங்கே பிறக்கும் குழந்தை பிரிட்டிஷ் குடிமகள் ஆவாள். எங்களுக்கு அதற்கு ஐந்தாண்டு நிறைய வேண்டியிருந்தது. அயர்லாந்துச் சட்டத்தில் இன்னொரு வழி இருந்தது. தீவின் எந்தப் பகுதியில் பிறந்தாலும் ஐரிஷ் குடியுரிமை என்ற பழைய விதியை 2004 ஜூன் மாதப் பொது வாக்கெடுப்பில் மக்கள் மாற்றிவிட்டார்கள். 2005 ஜனவரி முதல், அயலாருக்குப் பிறக்கும் குழந்தையானால், பிறப்புக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் பெற்றோரில் ஒருவர் தீவில் முறைப்படி வசித்திருக்க வேண்டும். நாங்கள் வசித்திருந்ததோ இரண்டு ஆண்டு இரண்டு மாதம். ஆக, பத்து மாதக் குறைவால் ஒரு கதவும், அடிப்படையிலேயே இன்னொரு கதவும் மூடியிருக்க, நியூரியில் பிறந்த குழந்தை இந்தியப் பிரஜையாக வேண்டியவளாகத் தொட்டிலில் கிடந்தாள். அதில் எனக்கு வருத்தமொன்றுமில்லை. அந்தப் பத்து மாதக் கணக்கை மட்டும், பால் கொடுக்க எழும் இரவுகளில், விரல்விட்டு மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டு வாங்குவதும் எளிதாக நடக்கவில்லை. பெல்ஃபாஸ்டில் இந்தியத் துணைத் தூதரகம் 2025 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அதுவரை வட அயர்லாந்து எடின்பரோ தூதரகத்தின் பொறுப்பில் இருந்தது. ஆறு வாரக் குழந்தை, வெள்ளைத் துணியில் மல்லாந்து கிடந்து, வாயை மூடி, கண்ணைத் திறந்து, இரு காதும் தெரிய நேராகப் பார்க்கவேண்டும் என்று படத்துக்கு விதி. என் கணவர் கட்டிலின்மேல் ஏறி நின்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். தேறிய ஒன்றில் மகள் எங்களை வட்டிக்காரர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கடவுச்சீட்டு வந்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சியது. வேலை விசாக்காரர்களுக்கு அங்கே பிறக்கும் குழந்தை, தனி அனுமதி வாங்காவிட்டாலும் நாட்டைவிட்டு வெளியேறாத வரை இருக்கலாம். வெளியேறிவிட்டால் திரும்பி வர அனுமதி வேண்டும். அதாவது, எந்தக் கடிதமும் கேட்காமல் அவளைத் தாங்கிய அந்தத் தரை, ஓமீத் வரை போய்த் திரும்பினால் சட்டப்படி அவளை மறுக்கும். தெற்கே வேலைக்கு முயன்றுகொண்டிருந்ததால், சில மாதங்களுக்காக அவளுக்கு அனுமதி வாங்குவதா என்று தயங்கி நின்றோம். தயங்கிய காலமெல்லாம் நடைபாதையின் தெற்கு முனையிலிருந்து தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

பேறுகாலத்துக்கு உதவ வந்த என் அம்மாவின் கதை இதற்கு நேர் எதிர். ஆறு மாதப் பார்வையாளர் விசாவில் வந்த அவருடைய கடவுச்சீட்டில், விசா வில்லையின் ஒரு மூலையில் பி.ஐ.வி.எஸ். என்று நான்கு எழுத்துகள் இருந்தன. இந்தியர், சீனர் ஆகியோரின் குறுகிய காலச் சுற்றுலாவுக்காக இரு அரசுகளும் 2014இல் தொடங்கிய கூட்டு ஏற்பாடு அது. அந்த முத்திரையுள்ள பார்வையாளர் விசாவோடு பிரிட்டனுக்குள் வந்தவர் அயர்லாந்துக்கும் போய்வரலாம். இரண்டாண்டுக்கு மேல் வரி கட்டியிருந்த எனக்கு இல்லாத உரிமை, ஆறு வாரத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிய ஆச்சிக்கு இருந்தது. என்னுடன் பணிபுரிந்த மலையாளச் சேச்சி ஒருவர் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். ஒரு சனிக்கிழமை அவரும் அவருடைய கணவரும் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கார்லிங்ஃபோர்டு போனார்கள். நாங்கள் மூவரும் வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பினோம். மாலையில் திரும்பிய அம்மா, “ஏட்டி, அதுதான் வேற நாடா? ஒரு போலீசுகூடக் காணலயே! ரோட்டோரத்துக் கோடு மட்டும் மஞ்சளாப் போச்சு” என்றார். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு யூரோ நாணயத்தை எடுத்துப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்து மூடினார். அயர்லாந்தில் அச்சாகும் யூரோ நாணயத்தின் ஒரு பக்கம் யாழ் பொறித்திருக்கும். “மீட்டுற யாழு பாத்தியா, நம்ம கோயில் தூணுல இருக்கும்லா, அது மாதிரி” என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

தெற்கே போக முடிவெடுத்ததற்கு வேறு எந்தக் காவியக் காரணமும் இல்லை. என் கணவருக்கு டப்ளினில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அயர்லாந்தின் முக்கியத் திறன் பணி அனுமதியில் போனால், மனைவியும் குழந்தையும் கூடவே போகலாம். மனைவிக்கு வேலை செய்யத் தனி அனுமதி வேண்டாம். 21 மாதங்களில் வேலைக்கட்டுப்பாடு இல்லாத அடுத்த நிலைக்கு விண்ணப்பிக்கலாம். எதிர்த்தட்டில், வடக்கே நாங்கள் சேர்த்துவைத்திருந்த இரண்டே முக்கால் ஆண்டும் கணக்கிலிருந்து அழியும். குடியேறிகளின் வாழ்க்கையில் காலம் ஒரு சேமிப்புக் கணக்கு. ஊர் மாறினால் முதலும் வட்டியும் சேர்ந்தே போய்விடும் என்பதை மட்டும் யாரும் கணக்குத் தொடங்கும்போது சொல்வதில்லை.

மகளுக்கான அயர்லாந்து விசா படிவம் இணையத்தில் நிரப்பவேண்டியது. இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு, நான்கு மாதக் குழந்தையின் சார்பில் இல்லை என்று எழுதுவதில் சிரமமில்லை. சிரமம் குடும்பப் பெயரில்தான் தொடங்கியது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் தந்தையின் பெயர் இருக்கிறது. கணவருடையதில் அவர் தந்தையின் பெயர். மகளுடையதில் என் கணவரின் பெயர். முன்னெழுத்தாக இருந்தவரை யாருக்கும் உறுத்தாத இந்த ஏற்பாடு, படிவத்தில் விரித்து எழுதியதும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேரைக் காட்டியது. தாய்க்கும் குழந்தைக்கும் பெயர் பொருந்தாதபோது, அது யாருடைய குழந்தை என்ற ஐயம் எழுவது இயல்பே. குழந்தைக் கடத்தலைத் தடுக்க அப்படிக் கேட்பது அதிகாரிகளின் கடமை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, இருவரும் தனித்தனியே கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், இவற்றோடு தமிழர் பெயரிடும் முறையை விளக்கி ஒரு பக்கக் கட்டுரையும் எழுதி இணைத்தேன். என் பள்ளித் தமிழாசிரியர் படித்திருந்தால் ஏழு மதிப்பெண்ணாவது போட்டிருப்பார்.

வீடு தேடியது இன்னும் வேடிக்கை. டப்ளின் வாடகை எட்டாத உயரம் என்பதால், அங்கிருந்து ரயிலில் ஒருமணி நேரத் தொலைவிலுள்ள டண்டாக்கைத் தேர்ந்தோம். வாரன்பாயிண்டிலிருந்து அது முக்கால்மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் விசா கையில் வரும்வரை வீட்டை நேரில் பார்க்க நாங்கள் போகமுடியாது. வீட்டுக்காரர்களுக்கு இது புரியவே இல்லை. “பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், மாலையில் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள்” என்றார்கள். எங்களால் வரமுடியாது என்று சொன்னதும் எங்களுக்கு அக்கறையில்லை என்று எண்ணி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான்காவது வீட்டைச் சேச்சியின் கணவர் எங்களுக்காகப் போய்ப் பார்த்து, குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்பது முதல் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்பது வரை கைப்பேசியில் காட்டினார். ஒரு மாத வாடகை முன்பணம், ஒரு மாத வாடகை வைப்புத்தொகை. அதற்குமேல் கேட்க அங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஏ91 என்று தொடங்கும் ஏழு எழுத்துக் குறியீடு ஒன்று கிடைத்தது; அயர்லாந்தில் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனிக் குறியீடு. அந்தக் குறியீட்டை மனப்பாடம் செய்துகொண்டு, பார்க்காத வீட்டுக்குப் பெட்டி கட்டினோம்.

2024 ஜூன் கடைசி வாரத்தில் நியூரிக்காரர் ஒருவரின் வேனில் சாமான் ஏறியது. சுங்கத்துக்குப் பொருள் பட்டியல் எழுதிவைக்க வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் என்னை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவளைப்போலப் பார்த்தார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபோது, தீவுக்குள் மறுபடியும் சாவடிகள் முளைத்துவிடக் கூடாது என்பதற்காக, பண்டங்களைப் பொறுத்தமட்டில் வட அயர்லாந்து ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்றும் என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். விண்ட்சர் கட்டமைப்பு என்று பெயர் மாற்றிய பிறகும் அந்த அடிப்படை நீடிக்கிறது. அதனால் தொட்டில், தள்ளுவண்டி, இட்லிக் கொப்பரை, அம்மா விட்டுச்சென்ற கேழ்வரகு மாவு ஆகிய எதற்கும் எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. தொட்டிலில் படுப்பவளுக்கு மட்டும்தான் மூன்று மாதமும் ஒரு கோப்பும் தேவைப்பட்டன. அந்த உடன்பாட்டை எழுதியவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. பண்டத்துக்கு வழி கண்டுபிடிக்க இத்தனை ஆண்டு உட்கார்ந்து பேசியவர்கள், ஆளுக்கு வந்தபோது அவரவர் குடிமக்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

வேன் முன்னே போக, நாங்கள் பின்தொடர்ந்தோம். மகள் பின்னிருக்கையில் பின்நோக்கிய இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாள். நியூரிக்குத் தெற்கே நெடுஞ்சாலை மலையிடுக்கில் இறங்கும் இடத்தில், வேகவரம்பு இனிக் கிலோமீட்டரில் என்று அறிவிக்கும் பலகை ஒன்று வந்தது. வெள்ளையாக இருந்த ஓரக்கோடு, அம்மா சொன்னபடியே, மஞ்சளானது. ஊர்ப்பெயர்களுக்கு மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ் பெயர்கள் தோன்றின. அவ்வளவுதான் எல்லை. இடப்புறத்து மலைகள் கூலி தீபகற்பத்தைச் சேர்ந்தவை. அயர்லாந்தின் பழம்பெரும் கதை இந்த மலைகளில்தான் நடக்கிறது: மேற்கு நாட்டு அரசி மேவ் ஒரு பழுப்பு நிறக் காளையைக் கவர்ந்து போகப் படையோடு வருகிறாள், கூஹுலன் என்ற இளைஞன் வடபகுதியான அல்ஸ்டரின் எல்லையில் ஒற்றையாளாக நின்று தடுக்கிறான். வெட்சியும் கரந்தையும் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. கணவர் மைல்மானியிலிருந்து பார்வையை எடுக்காமலே, “தாண்டியாச்சா?” என்று கேட்டார். “தாண்டியாச்சுங்க” என்றேன். மூன்று மாதமாகப் பேசி ஒத்திகை பார்த்துவைத்த தருணம் அந்த இரண்டு சொல்லில் முடிந்தது.

டண்டாக்கில் முதல்நாள் மாலை பேரங்காடிக்குப் போனபோது, சாமான் வைக்கும் தள்ளுவண்டியை விடுவிக்க ஒரு யூரோ நாணயம் கேட்டது. எங்களிடம் பவுண்டுகளும் வங்கி அட்டைகளும் இருந்தன. யாழ் பொறித்த நாணயம் குழந்தையின் பையில் ஆச்சி கொடுத்ததுதான் இருந்தது. வண்டியைத் திருப்பி வைத்து நாணயத்தை மீட்டுக்கொண்ட பிறகே கணவர் காரைக் கிளப்பினார்.

அந்தப் பேரங்காடி ரசீதுதான் எங்களுக்குப் பிற்பாடு கைகொடுத்தது. தொண்ணூறு நாளுக்கும் மேல் தங்குபவர் தம்மைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஆளுக்கு 300 யூரோ. பதிவு செய்யப் போன இடத்தில் கார்டா பெண் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, எந்தத் தேதியில் நாட்டுக்குள் வந்தீர்கள் என்று கேட்டார். விமான நிலையத்தில் இறங்கியிருந்தால் முத்திரை இருக்கும்; சாலையில் யார் குத்துவது? வேன்காரரின் ரசீதையும், உருளைக்கிழங்கும் பால்மாவும் வாங்கிய பேரங்காடி ரசீதையும் நீட்டினோம். அவர் அதை ஏற்றுக்கொண்டு எழுதிக்கொண்டார். அடுத்து எங்கள் மூன்று குடும்பப் பெயர்களுக்கு வந்தார். நான் பெருமூச்சோடு என் ஒரு பக்கக் கட்டுரையை எடுக்கப் போனபோது, தேவையில்லை என்று கைகாட்டினார். ஆங்கிலத்தில் மர்ஃபி என்று எழுதும் குடும்பம் ஐரிஷில் எழுதும்போது, ஆண் ‘ஓ முரகூ’, அவன் மகள் ‘நீ வுரகூ’, மனைவி ‘ஈ வுரகூ’. அந்த ‘ஓ’ என்பதற்குப் பேரன், வழிவந்தவன் என்று பொருள், ‘மாக்’ என்றால் மகன் என்றார். தம் வீட்டிலும் தந்தை, தாய், மகள் மூவருக்கும் எழுத்தில் மூன்று பெயர்தான் என்று சொல்லிவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தார். எங்கள் இருவருக்கும் அட்டை உண்டு என்றார். பதினாறு வயதுக்குட்பட்டோர் பதிவு செய்ய வேண்டியதில்லையாம். இத்தனை கோப்புக்கும் காரணமானவளுக்கு எந்த அட்டையும் கிடைக்கவில்லை. மேசை விளிம்பைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

செவிலியர் என்ற முறையில், இரு சுகாதாரத் துறைகளுக்கும் நடுவே குழந்தையைக் கொண்டுபோவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். வடக்கே ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 8, 12, 16ஆம் வாரங்களில் போட்டு முடித்துவிடுகிறார்கள். தெற்கே அதே மூன்றையும் 2, 4, 6 மாதங்களில் போடுகிறார்கள். ஆகவே அந்த வரிசையில் மகள் இங்குள்ள குழந்தைகளைவிட முந்தியிருந்தாள். ஆனால் இங்கே ஆறாம் மாதத்தில் போட்டுவந்த மெனிங்கோகாக்கல் சி என்ற மூளையுறை அழற்சித் தடுப்பூசி அங்கே கைக்குழந்தைகளுக்கு இல்லாததால், அதில் பிந்தியிருந்தாள். இந்தியப் பெற்றோரின் குழந்தை என்பதால் நியூரியில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தார்கள்; தெற்கே பல ஆண்டுகளாக அது யாருக்கும் வழக்கமாகப் போடப்படுவதில்லை. வீட்டுக்கு வந்த பொதுச் சுகாதாரச் செவிலியர், மகளின் இடது தோளிலிருந்த சிறு தழும்பைப் பார்த்ததும் தம் சட்டைக் கையை ஏற்றித் தம் தழும்பைக் காட்டினார். அந்தத் தலைமுறை ஐரிஷ்காரர் பலருக்கும் அது உண்டு. வடக்கிலிருந்து கொண்டுவந்த, தடுப்பூசிக் குறிப்புகள் அடங்கிய சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். வைட்டமின் டி சொட்டு மருந்தைத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வடக்கே நாளொன்றுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் என்றார்கள். தெற்கே 5 என்றார்கள். கழிக்கு இருகரையிலும் ஒரே மேகமூட்டம், ஒரே சாய்ந்த வெயில். குழுக்கள் மட்டும் இரண்டு. ஊரில் குழந்தையை இளவெயிலில் காட்டு என்பார்கள். டிசம்பரில் எட்டரை மணிக்குப் பிறகு விடிந்து நான்கு மணிக்கெல்லாம் இருட்டும் இந்த ஊரில் எந்த வெயிலைக் காட்டுவது என்று அம்மாவிடம் நான் சண்டை போட்டதுண்டு. சொட்டு மருந்தை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

பணக்கணக்கும் மாறியது. வடக்கே மருத்துவரைப் பார்ப்பதும் மருந்துச்சீட்டும் இலவசம். தெற்கே பெரியவர்கள் மருத்துவரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஐம்பது, அறுபது யூரோ கொடுக்கவேண்டும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இலவசம். ஆனால் அதற்கு ஒரு பொதுச்சேவை எண் வேண்டும், அதோடு புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு மருத்துவரும் வேண்டும். நான் தொலைபேசியில் அழைத்த முதல் ஆறு மருத்துவமனைகளிலும் பட்டியல் நிரம்பிவிட்டது என்றார்கள்.

ஏழாவதைத் தேடுவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. ஆகஸ்டில் ஓர் இரவு, மணி பதினொன்றரை, 39.6 டிகிரி. மகள் பால் குடிக்க மறுத்தாள், கண்கள் சொருகின. பிறர் குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் அமைதியாக நீர்ச்சத்து அளந்தவள் நான். என் குழந்தைக்கு வந்தபோது வெப்பமானியை இருமுறை தலைகீழாகப் படித்தேன். டண்டாக்கில் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவு இல்லை. தெற்கே ட்ராஹடாவுக்கு 35 கிலோமீட்டர். வடக்கே, நான் வேலை பார்த்த, மகள் பிறந்த மருத்துவமனைக்கு 20 கிலோமீட்டர். எந்தக் கதவு எங்கே திறக்கும், இரவுப்பணியில் யார் இருப்பார்கள் என்றெல்லாம் அறிவேன். அங்கே போயிருந்தால் விசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு யாரும் ஊசி போடப் போவதில்லை, மருத்துவம் பார்த்திருப்பார்கள். ஆனால் நாங்கள் மூவரும் அந்த நாட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தவர்களாகியிருப்போம். இரவுநேர மருத்துவச் சேவையை அழைத்துப் பேசிவிட்டு, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு தெற்கே போனோம். அந்தக் கடிதம் இல்லாமல் அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ கட்டணம் என்பதும் அன்றிரவுதான் தெரிந்தது. காதில் தொற்று. விடியற்காலை மூன்று மணிக்கு மகள் என் விரலைக் கடித்துச் சிரித்தாள். திரும்பும் வழியில், வட்டச்சாலையில், நியூரி என்று காட்டும் பலகை வந்தபோது கணவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுப் பக்கம் திருப்பினார். அந்த ஊருக்குப் போக எங்களுக்கு இனி விசா வேண்டும் என்பது, விண்ணப்பங்களை நிரப்பிய மாதங்களிலெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்தத் திருப்பத்தில்தான் உறைத்தது.

என் பதிவும் எல்லையிலேயே நின்றுவிட்டது. வடக்கே செவிலியர் பதிவு பிரிட்டனின் மன்றத்தில். தெற்கே வேலை பார்க்க டப்ளினிலுள்ள வாரியத்தில் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். பத்தாம் வகுப்பு முதல் எல்லாச் சான்றிதழ்களையும் மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். அதுவரை வீட்டில் ஒரே ஒரு நோயாளிதான் எனக்கு.

மகளின் முதல் பிறந்தநாளை 2024 நவம்பரில் ஓமீத்தில் வைத்தோம். மண்டபமெல்லாம் இல்லை, படகுத்துறை அருகே காற்றுக்கு ஒதுங்கி நின்று, தெர்மாஸில் தேநீரும் டப்பாவில் கேசரியும் கொண்டுபோயிருந்தோம். வாரன்பாயிண்டிலிருந்து சேச்சி குடும்பத்தார், எதிர்வீட்டுப் பாட்டியையும் அழைத்துக்கொண்டு, நியூரி வழியாகச் சுற்றி வந்தார்கள். நேரோ வாட்டர் அருகே இரு கரையையும் இணைக்கப் பாலம் கட்டும் வேலை அந்த ஜூனில், நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மாதத்தில், தொடங்கியிருந்தது. பாலம் முடிந்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று சேச்சியின் கணவர் சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். எதிர்க்கரையில் எங்கள் பழைய தெருவின் கடைசி விளக்கு தெரிந்தது. என் கைப்பேசி துடித்தது. எடுத்துப் பார்த்தால், ‘ஐக்கிய இராச்சியத்துக்கு நல்வரவு’.

பாட்டி தள்ளுவண்டியருகே குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டார். கைப்பையைத் திறந்து, தாமே பின்னிய நீலக் கம்பளித் தொப்பியை எடுத்து அவள் தலையில் மாட்டினார். பிறகு சாலையின் இருபுறமும் திருட்டுத்தனமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளில் பொதிந்த ஒரு கட்டி வெண்ணெயை மகளின் கால்மாட்டில், போர்வைக்கடியில், ஆழமாகச் செருகினார்.